டர்போ காருக்குப் பூஸ்ட் கேஜ்: பெங்களூரில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

என் அக்கா மகன் சென்ற தை மாதம் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினான். மாரத்தஹள்ளியில் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருபவன். வண்டி வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு அதை ஓட்டி வந்து, "மாமா, உங்க வண்டியில இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டிக் குடுங்க" என்று கேட்டான். டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அந்தக் கேஜ், என்னுடைய பழைய 1.3 லிட்டர் டீசல் காரில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. ஆகவே நான் உடனே பானெட்டைத் திறந்துவிடுவேன் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் என் வண்டிக்குப் பொருந்தியது அவன் வண்டிக்குப் பொருந்தாது என்றுதான் நான் சொன்னேன். குழாய் வழியாக இயங்கும் மெக்கானிக்கல் கேஜ், சென்சாரும் வயரும் கொண்ட எலக்ட்ரானிக் கேஜ், ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியிலிருந்து தகவல் எடுக்கும் இணைப்பில்) அடாப்டர் செருகிக் கைபேசியில் பார்ப்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றில் எது யாருக்கு என்பதை அவனுக்கு விளக்க அன்று மாலை முழுவதும் ஆனது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தால் சுழலும் டர்போ, வெளிக்காற்றை இறுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பில்) உள்ள காற்று, வண்டிக்கு வெளியே உள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது என்பதே பூஸ்ட். இந்த விளக்கத்தில் "வெளியே உள்ள காற்றைவிட" என்ற சொற்களைப் பெங்களூரில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ. நம் ஊர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 91 கிலோபாஸ்கலை ஒட்டியே நிற்கிறது. இடையில் உள்ள 10 கிலோபாஸ்கல் என்பது 0.1 பார், அல்லது ஒன்றரை பிஎஸ்ஐ. ஒரு சிறிய டர்போ கார் முழு வேகத்தில் தரும் பூஸ்ட்டே 1 பாரைச் சுற்றித்தான் இருக்கும் என்னும்போது, இந்த வேறுபாட்டைச் சிறியது என்று ஒதுக்க முடியாது. எந்த வகைக் கேஜ் இந்த வேறுபாட்டை எப்படிக் கையாள்கிறது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. நான் தேர்வு செய்வதில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மெக்கானிக்கல் கேஜிலிருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சுக்காரரான யூஜீன் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் இன்றும் பெரும்பாலான மெக்கானிக்கல் கேஜ்களுக்குள் இருக்கிறது. தட்டையாக வளைத்த மெல்லிய உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயல்கிறது. அந்த அசைவைப் பற்சக்கரம் முள்ளுக்குக் கடத்துகிறது. குழாயின் வெளிப்புறத்தைச் சுற்றியிருப்பது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக் காற்று என்பதால், அதை ஒப்பிட்டே முள் நகர்கிறது. எனவே பெங்களூரில் ஆனாலும் சேலத்தில் ஆனாலும் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஆனாலும், எஞ்சின் நின்றிருக்கும்போது முள் பூஜ்யத்தில் இருக்கும். எந்த அமைப்பையும் திருத்த வேண்டியதில்லை. மின்சாரம் விளக்குக்கு மட்டுமே தேவை. அழுத்தம் மாறியதும் முள்ளும் உடனே மாறும்.

நான் இதைப் போட்டுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் சேலத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. நான்காவது கியரில் எளிதாக ஏறும் இடத்தில் மூன்றாவதுக்கு இறக்கியும் வேகம் குறைந்துகொண்டே வந்தது, பின்னால் கரும்புகை. பெங்களூர் வந்து ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ததாகப் பில் கொடுத்தார்கள், ஐடிலில், அதாவது நின்ற வண்டியில் எஞ்சின் சும்மா ஓடும்போது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பணம் போனதுதான் மிச்சம், புகை நிற்கவில்லை. பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டி நிறுத்த இடமுள்ள பட்டறையில் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் தடித்த ரப்பர் ஹோஸை அடிப்பக்கமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இங்க விரல் வெச்சுப் பாருங்க" என்றார். கிளாம்புக்கு அருகில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைத் துணியால் துடைத்தபோது ஒரு நகத்தின் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருப்பதுபோல் அது மூடிக்கொண்டிருந்தது, உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து காற்றை வெளியே விட்டது. நிறுத்திய வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுமை இல்லாததால் பூஸ்ட் பெரிதாக ஏறுவதில்லை. அதனால்தான் ஐடிலில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை. அன்று என் கண் முன்னால் ஒரு முள் இருந்திருந்தால், தொப்பூரிலேயே பூஸ்ட் பாதிகூட ஏறவில்லை என்று தெரிந்திருக்கும். இன்ஜெக்டருக்குப் பணம் கட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் மெக்கானிக்கல் கேஜ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் காற்றுப்பாதையில் நாமே ஒரு துளையை உண்டாக்கி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தடுப்பு) வழியாக வண்டிக்குள் கொண்டுவருவது. எங்கே டீ (குழாயிலிருந்து கிளை பிரிக்கும் மூவழி இணைப்பு) போடுகிறோம் என்பதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். டீசல் காரின் பானெட்டுக்குள் கண்ணில் படும் மெல்லிய கறுப்புக் குழாய்களில் பல, பிரேக் பூஸ்டருக்கும் வால்வுகளுக்கும் வேக்குவம் பம்பிலிருந்து போகிறவை. அவற்றில் டீ போட்டால் முள் எப்போதும் வெற்றிடத்தையே காட்டும், பூஸ்ட்டை ஒருநாளும் காட்டாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை எந்தக் காரணம் கொண்டும் தொடக்கூடாது. அதில் கசிவு வந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகும். டர்போவின் வாயிலிருந்து, பூஸ்ட் அளவை மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு குழாய் இருக்கும் வண்டிகளில், எளிதாக எட்டும் இடம் என்று அங்கே டீ போடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் குழாயில் அழுத்தம் கசிந்தால் வேஸ்ட்கேட் நேரத்துக்குத் திறக்காது; பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும். ஒரு கருவியை அளக்கப் போட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொள்வது அது. இன்டர்கூலருக்குப் பிறகு, மேனிஃபோல்டுக்கு அருகில் எடுப்பதே சரி.

குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஜோடு வரும் நைலான் குழாய் வெப்பத்தில் விறைத்து வெடிக்கும். சிலிக்கான் குழாய் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் டீசல் இன்டேக்கில் எப்போதும் இருக்கும் எண்ணெய்ப் பசையில் ஊறினால் நாளடைவில் ஊதி இளகிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை இரு முனைகளையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஃபயர்வாலில் புதிதாக ட்ரில் போடத் தேவையில்லை. வயரிங் உள்ளே வரும் துளையை அடைத்திருக்கும் ரப்பர் கிரோமெட்டில் ஒரு சிறு துளை போதும். உள்ளே வந்த குழாய் கிளட்ச், பிரேக் மிதிகளின் பாதையில் தொங்காதபடி கட்ட வேண்டும். முள் நடுங்கினால், குழாயின் நடுவே வழியைக் குறுக்கும் சிறிய ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைச் செருகினால் அடங்கிவிடும். ஜே.சி. ரோடு கடைகளில் டீ, கிளாம்ப், குழாய் எல்லாம் கிடைக்கின்றன. உள்விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது.

பெட்ரோல் காரில் இதே வேலை இன்னும் நுட்பமானது. டீசலில் ஆக்சிலரேட்டரை விட்டால் முள் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும், அவ்வளவுதான். பெட்ரோலில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடும்போது மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உருவாகிறது; ஐடிலில் உள்ளே 35 கிலோபாஸ்கல் அளவிலேயே காற்று இருக்கும். ஆகவே வெற்றிடத்தையும் காட்டும் அளவுகோல் உள்ள கேஜ் வேண்டும். குழாயில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவின் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ஐடில் தடுமாறும், எஞ்சின் விளக்கு எரியும். இங்கேயும் உயரம் குறுக்கிடுகிறது: சென்னையில் மைனஸ் 0.66 பார் காட்டும் அதே எஞ்சின் பெங்களூரில் மைனஸ் 0.56 தான் காட்டும், ஏனென்றால் ஒப்பிடப்படும் வெளிக்காற்றே இங்கே மெலிந்தது. கடலோர ஊர்க்காரர்கள் எழுதிய எண்ணைப் படித்துவிட்டுத் தன் வண்டியில் கசிவு இருக்கிறது என்று கேஸ்கெட் மாற்றக் கிளம்ப வேண்டாம்.

எலக்ட்ரானிக் கேஜில் வண்டிக்குள் காற்றுக்குழாய் வருவதில்லை. பானெட்டுக்குள்ளேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, அழுத்தத்தை வோல்ட்டாக மாற்றி வயரில் அனுப்புகிறது. உச்ச அளவை நினைவில் வைத்துக் காட்டும், நாம் குறித்த அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும். ஈசியூவை ரீமேப் செய்து, அதாவது அதன் நிரலை மாற்றி, பூஸ்ட்டை உயர்த்தியவர்களுக்கு இந்த எச்சரிக்கை வேறெதையும்விட முக்கியம், ஏனென்றால் முழு வேகத்தில் போகும்போது யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் சென்சாருக்கும் மேனிஃபோல்டிலிருந்து குழாய் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே மெக்கானிக்கல் கேஜின் அபாயங்களில் பாதி இங்கேயும் இருக்கிறது. அதோடு மின்சார வேலையும் சேர்கிறது. ஃபியூஸ் பாக்ஸில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகித் தனி இணைப்பு எடுக்கும் துண்டு) வைத்து, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும். தொழிற்சாலை வயரின் தோலைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைச் செய்யவே கூடாது. நம் ஊர் மழையில் இரண்டு பருவம் தாண்டுவதற்குள் அது பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு மூட வேண்டும். பூஜ்யத்தைப் பொறுத்தவரை, நல்ல எலக்ட்ரானிக் கேஜ்கள் சாவி போட்டதும் அந்த இடத்துக் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கின்றன. மலிவானவற்றில் சில அப்படிச் செய்வதில்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மூன்றாவது வழி ஓபிடி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 கார்கள் எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியை ஒட்டி அந்த போர்ட் இருக்கிறது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் புளூடூத் அடாப்டரைச் செருகி, கைபேசிச் செயலியில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கலாம். ஒரு வயரும் வெட்டப்படுவதில்லை, ஒரு குழாயும் தொடப்படுவதில்லை. சர்வீஸுக்கு விடும் அன்று உருவி எடுத்துக்கொண்டால் வந்த சுவடே இருக்காது. வாரண்டியில் உள்ள வண்டிக்கு இது மிகப் பெரிய அனுகூலம். இன்டேக்கில் டீ போட்ட வண்டியில் நாளை டர்போவோ சென்சாரோ பழுதானால், அந்த டீயையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்துவிடுகிறோம்.

குறைகளும் இருக்கின்றன. ஈசியூ அனுப்புவது வெற்றிடத்திலிருந்து அளந்த மொத்த அழுத்தம். அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பூஸ்ட். செயலி எதைக் கழிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் மருமகனின் கைபேசியில் செயலியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தோம். திரையில் மைனஸ் 1.5 பிஎஸ்ஐ. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வெற்றிடம் எங்கிருந்து வரும்? செயலி கடல் மட்டத்து 14.7-ஐக் கழித்துக்கொண்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய், ஈசியூ தனியாகத் தரும் வெளிக்காற்று அழுத்தத்தைக் கழிக்கும்படி மாற்றியதும் பூஜ்யம் வந்தது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அவன் வண்டி தரும் ஒவ்வொரு அளவும் ஒன்றரை பிஎஸ்ஐ குறைவாகவே தெரிந்திருக்கும். டர்போ நோஞ்சான் என்று வீணாகக் கவலைப்பட்டிருப்பான்.

அடுத்து, வேகம். அடாப்டர் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்குவதால் திரை நொடிக்குச் சில முறைதான் மாறும். கண நேரம் எகிறி இறங்கும் பூஸ்ட் அதில் விழாமல் போகலாம். மேனிஃபோல்டு அழுத்தத்துக்கு என்று செயலிகள் வழக்கமாகக் கேட்கும் பொதுத் தரத்து எண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரே பைட் என்பதால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அது சொல்லாது. அதாவது பெங்களூரில் சுமார் 1.64 பாருக்கு மேற்பட்ட பூஸ்ட் அந்த வழியில் தெரியாது. தொழிற்சாலை நிலையில் உள்ள சிறு பெட்ரோல் காருக்கு இது ஒரு தடையே அல்ல, ரீமேப் செய்த டீசலுக்குத் தடை. அடாப்டரை நாள்கணக்கில் செருகியே விட்டால் பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடிக்கும். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வருபவர்கள் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு ஒன்று உண்டு. ஓபிடி காட்டுவது ஈசியூ நம்பும் எண்ணை. சென்சார் அழுக்கேறித் தவறாகச் சொன்னால் ஈசியூவும் தவறாக நம்பும், கைபேசியும் அதையே திருப்பிச் சொல்லும். தனிக் குழாயில் வரும் கேஜோ எஞ்சினுக்குள் உண்மையில் இருப்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் பழுது எங்கே என்று தெரியவரும். ஆனால் அத்தகைய சந்தேகம் வண்டிக்கு வயதான பிறகு வருவது. புது வண்டியில் ஓபிடி வேறொன்றைத் தருகிறது: கூலன்ட் வெப்பநிலை. இப்போதைய கார்களில் பல, வெப்பநிலை முள்ளையே எடுத்துவிட்டு ஒரு விளக்கோடு நிறுத்திக்கொண்டன. சில்க் போர்டு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்பவனுக்குப் பூஸ்ட்டைவிட அந்த எண்தான் வேண்டியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பூஸ்ட் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாதபோது ஈசியூ பதிவு செய்யும் பி0299 என்ற பழுதுக் குறியீட்டையும் அதே செயலியில் படிக்கலாம்.

கேஜை எங்கே வைப்பது என்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முன் கண்ணாடியின் பக்கத் தூணான ஏ பில்லரில் பொருத்தும் கேஜ் கூடு பார்க்க அழகாக இருக்கும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் ஏர்பேக் விரியும் பாதை அந்தப் பில்லரை ஒட்டியே வருகிறது. அங்கே ஒரு கடினமான உருண்டையைத் திருகி வைப்பது, விபத்தில் அதைத் தலைக்கு நேராக எறியத் தயார் செய்து வைப்பதற்குச் சமம். டேஷ்போர்டில் பயணி ஏர்பேக் மூடியின் மேலும் கூடாது. ஸ்டீயரிங் தண்டின் மேல், மீட்டர்களை மறைக்காமல், 52 மில்லிமீட்டர் கேஜ் ஒன்றை வைக்க இடம் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் நடுவில் உள்ள ஏசி வென்ட். கைபேசி என்றால் கண்ணாடியின் கீழ்மூலையில், சாலையை மறைக்காத உயரத்தில்.

ஆகவே என் மருமகனுக்கு ஓபிடி. வாரண்டி முடியும் வரை அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிந்த பிறகும் அவன் ரீமேப் செய்யாவிட்டால் அதுவே போதும். செய்வதாக இருந்தால் எச்சரிக்கை ஒலியுள்ள எலக்ட்ரானிக் கேஜை ரீமேப்புக்கு முன்பே போட வேண்டும், பின்பு அல்ல. என் வண்டியைப் போல வாரண்டி முடிந்து, ரப்பர் ஹோஸ்கள் வயதாகி, ஓபிடியில் பதில் மெதுவாக வரும் பழைய டீசல் வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக்கல் கேஜைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. சரியான இடத்தில் டீ போடத் தெரிந்த மெக்கானிக் கிடைக்காதவர்கள், கிடைக்கும் வரை எதுவும் போடாமல் இருப்பதே மேல்.

எதைப் போட்டாலும், முதல் வாரத்திலேயே நல்ல நிலையில் வண்டி தரும் அளவை எழுதி வைக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் சாலை காலியாக இருக்கும் அதிகாலையில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து சீராக முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து முள்ளைப் படிக்கச் சொன்னேன். 2,200 ஆர்பிஎம்மில் 1.2 பார். அதை ஒரு சிறு நோட்டில் எழுதி, டேஷ்போர்டு பெட்டியில் வண்டிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது அதே சாலையில் 0.9 தான் ஏறியது. புகை இல்லை, இழுவையிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, விளிம்பில் எண்ணெய் பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்றுதான் திருகினேன். மறுநாள் காலை 1.2-க்குத் திரும்பி வந்தது.